அரங்கேற்றமும் வட்டத்தொட்டியும்

எழுதி முடித்த அளவில் நூல் நூலாகிவிடுவதில்லை என்பது தமிழ்ப் பழமரபு. ஆக்கியோன் அதனை அவையில் வைத்தல் வேண்டும். அவையோர் கேட்டல் வேண்டும். தடை எழுப்புவோர் எழுப்ப, அவன் விடை கூறுதல் வேண்டும். இவையெல்லாம் நிகழ்ந்த பின்னரே அது நூல் என்னும் பெயர்க்கு உரியதாயிற்று. தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம், நிலந்தரு திருவின் பாண்டியன் அவையையும், ஆங்கிருந்து கேட்ட அதங்கோட்டாசானையும் பெயர் சுட்டிக் கூறுவது இக்கருத்துப் பற்றியே. நன்னூலார் சிறப்புப்பாயிரத்துக்கு ஓதிய இலக்கணம் பதினொன்றனுள், கேட்போர் என்பது ஒன்று. களம் என்பது மற்றொன்று. யார் கேட்டனர், எவ்விடத்தில் கேட்டனர் என்னும் இரண்டையும் நூலின் புறச்செய்தியாக விட்டுவிடாமல், நூலைப் பற்றி அறியவேண்டியவற்றுள் அடக்கிய சிறப்பு அவருடையது.

இக்காலத்து எழுத்தாளர் தம் நூற்பகுதிகளைத் தாமே படித்துக் காட்டித் தம் எழுத்து வாழ்க்கையை எடுத்துரைக்கும் கூட்டங்கள் எங்கும் நிகழ்கின்றன. இவற்றை மேனாட்டு வரவு என்று ஒதுக்குவாரும் உளர். அரங்கேற்றத்தின் மறுபிறப்பு என்று கொண்டாடுவாரும் உளர். இருசாராரும் விரைந்து முடிவு கட்டுகின்றனர் என்றே நமக்குத் தோன்றுகின்றது. தென்காசியும் குற்றாலமும் அடங்கிய ஒரு சிறு நிலப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வாம். ஒன்றற்கொன்று நான்கைந்து கிலோமீட்டர் தொலைவே உடைய இவ்விரண்டு ஊர்களிலும், நூல் வாய்மொழியாக அவையேறிய வரலாறு சில நூற்றாண்டுகளுக்குத் தொடர்ந்து கிடைக்கின்றது.

தென்காசியிலிருந்து ஆண்ட பிற்காலப் பாண்டியருள் அதிவீரராமன் தானே நூலாசிரியன். 'நைடதம் புலவர்க்கு ஔடதம்' என்னும் பழமொழி அவன் நூலின் பெருமையைக் காட்டும். அந்நூலை அவன் தன் உறவினனாகிய வரதுங்கராமனுக்கு விடுத்துக் கருத்துக் கேட்டான் என்றும், எதிர்பார்த்த புகழ்மொழி வரவில்லை என்றும் ஒரு செவிவழிக் கதை உண்டு. கதை நடந்ததோ இல்லையோ, அதனைப் படைத்த மக்கள் மனம் நோக்கத்தக்கது. அரசனேயாயினும் நூலாசிரியன் என்ற நிலையில் அவன் பிறர் செவிக்கு அஞ்சவேண்டியவன் என்பதன்றோ இக்கதையின் உட்கிடை?

குற்றாலத்தையடுத்த மேலகரத்தில் தோன்றிய திரிகூடராசப்பக் கவிராயரிடம் வருங்கால் நிலம் உறுதிப்படுகின்றது. அவர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி அரங்கேறியதும், 1706 முதல் 1732 வரை ஆண்ட மதுரை நாயக்கர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அவர்க்கு நிலம் அளித்ததும், அந்நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர் பெற்றதும் பலரும் அறிந்தவை. ஒரு நூலின் பெயர் வயலுக்கு ஆகி நிற்கும் செய்தி தமிழ் நாட்டில் அருகியே காணப்படுகின்றது. ஆயின், கவிராயர் அவையில் என்ன பேசினார், எவர் எந்தப் பாடலுக்குத் தடை கூறினர் என்பன பற்றி ஒரு சொல்லும் நமக்குக் கிடைத்திலது. நிலம் பதிவாயிற்று, பேச்சுப் பதிவாகவில்லை. இக்குறையை மனத்திற் கொண்டே மேலே செல்லுதல் வேண்டும்.

அரங்கேற்றத்தின் நடைமுறையை உள்ளிருந்து கண்டு எழுதியவர் உ. வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) தலபுராணங்களை அரங்கேற்றிய முறையை அவர் என் சரித்திரத்தில் விளங்க உரைத்துள்ளார். ஆண்டு நாம் காண்பது யாதெனின், பாடலை இசையுடன் படிப்பவர் மாணாக்கர். பொருள் விரிப்பவர் ஆசிரியர். ஆக்கியோன் வாயும் படிப்போன் வாயும் வேறுவேறு. இது தற்செயலாக நேர்ந்ததன்று. தன்னைத் தான் புகழ்தல் தகாது என்பது நன்னூலார் கோட்பாடு. பாயிரம் உரைப்பதற்கு உரியாரும் அவன் ஆசிரியனும், உடன் கற்றோனும், மாணாக்கனும், உரைகாரனுமே. தற்புகழ்ச்சிக்கு விலக்களித்த இடங்களுள் ஒன்று, மாற்றார் எதிர்நிற்க வெற்றி நாடிப் பேசும் அவை. எனவே, எழுத்தாளன் தன் எழுத்து வாழ்க்கையைத் தானே கூறுதல், பழைய முறைப்படி, எதிர்ப்பு உள்ள அவையில் மட்டும் பொருந்தும். எதிர்ப்பே இல்லாது கைதட்டல் மட்டும் உள்ள கூட்டத்திற்கு நன்னூலார் இடம் தந்திலர். இன்றைய கூட்டங்களை அரங்கேற்றத்தின் வழித்தோன்றல் என்பார் இவ்வேறுபாட்டை நோக்கவேண்டும்.

இனி, இக்கட்டுரையின் நடுநாயகமாகிய செய்திக்கு வருவாம். இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) தென்காசிக் குடும்பத்தைச் சேர்ந்தவர், வழக்கறிஞர், சட்டமன்ற மேலவையிலும் அறநிலைய ஆணையர் பதவியிலும் இருந்தவர். நெல்லை வண்ணார்பேட்டையில் அவர் இல்லத்துத் தொட்டிக்கட்டில் ஞாயிறுதோறும் நண்பர் கூடினர். அக்கூட்டமே வட்டத்தொட்டி எனப் பெயர் பெற்றது. பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் தங்கியபோது வட்டத்தொட்டியும் அவருடன் அருவிக்கரைக்குக் குடிபெயர்ந்தது. இராசாசி, கல்கி, பி. ஸ்ரீ., அ. சீனிவாசராகவன், தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், பின்னர் உயர்நீதிமன்ற நடுவராகிய எஸ். மகராசன் என்றித்தகையோர் அவரைச் சூழ்ந்திருந்தனர். கரிசல் நாட்டுக் கி. ராசநாராயணன் போன்ற இளைஞரும் அவ்வட்டத்தின் பயனைத் துய்த்தனர்.

வட்டத்தொட்டிக்கு உறுப்பினர் பட்டியல் இல்லை. நிகழ்ச்சிக் குறிப்பேடும் இல்லை. ஒரு பாடலை எடுத்து வாய்விட்டுப் படிப்பார் டி. கே. சி. மீண்டும் படிப்பார். எச்சொல்லில் ஓசை நிற்கின்றது, எவ்விடத்தில் உணர்ச்சி திரும்புகின்றது என்பதைக் குரலாலேயே காட்டுவார். அவ்வாறு கேட்டோர் எழுதிய நினைவுக் குறிப்புகளெல்லாம் இதனை ஒருமுகமாகக் கூறுகின்றன. சீர்க்கணக்கை நோக்காது, பொருளும் ஓசையும் புலப்படுமாறு பாடலைப் பிரித்து அச்சிட்டமையும் இப்பயிற்சியின் விளைவே. யாப்பு நூலார்க்கு அது பிழையாகத் தோன்றலாம். ஆயின் முதுகலை மாணாக்கர் ஒருவரைக் கம்பர் விருத்தம் ஒன்றைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்! சீருக்குச் சீர் வெட்டி, வாய்பாடு ஒப்பிப்பதுபோல் படிப்பதையே நாம் பன்முறை கேட்டிருக்கின்றோம். நம் துறைகள் செவிக்குப் பயிற்சி தரத் தவறிவிட்டன என்பதை ஒப்புக்கொள்ளாமல் டி. கே. சி.யைக் குறைகூறுதல் நேர்மையாகாது.

இனி, பாடம் பற்றிய வழக்கு ஒன்று உண்டு. டி. கே. சி. தம் செவியைச் சுவைத்தற்கு மட்டும் பயன்படுத்தினாரல்லர், தீர்ப்பளித்தற்கும் பயன்படுத்தினார். பதினாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களாக வழங்கும் இராமகாதையில் பெரும்பகுதியைப் பிறர் இடைச்செருகல் எனத் தள்ளினார். தாம் கம்பர் வாக்கெனக் கொண்டவற்றையே தொகுத்து வெளியிட்டார். சில இடங்களில் சொல்லையும் திருத்தினார். கம்பர் இப்படிப் பாடியிரார் என்பதே அவர் காட்டும் சான்று. ஏட்டுச் சான்று கேட்டவர்க்கு அவர் விடை, படித்துப் பார்த்தால் தெரியும் என்னும் அளவினதே.

இதனை ஆய்வுலகம் ஏற்கவில்லை, ஏற்றிருக்கவும் இயலாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பதிப்பு, ஏடுகள் பலவற்றையும் ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் காட்டி, ஐயத்துக்குரியவற்றை மிகைப்பாடல் எனத் தனியே நிறுத்திய முறையே முறை. ஐயுற்ற பாடலும் அங்கே அழியாது நிற்கின்றது. நாளை வேறொருவர் வேறு முடிவுக்கு வர வழி திறந்திருக்கின்றது. டி. கே. சி.யின் தொகுப்பிலோ தள்ளப்பட்ட பாடல் கண்ணிலேயே படுவதில்லை.

இதன் இடர்ப்பாட்டை விளக்க அவர் மிக விரும்பிய நூலையே சான்றாகக் காட்டலாம். அவர் உரை கண்டு வெளியிட்ட முத்தொள்ளாயிரம் இன்று நமக்கு முழுதாகக் கிடைத்திலது. பெயரை நோக்கின் தொள்ளாயிரமோ இரண்டாயிரத்து எழுநூறோ பாடல் இருந்திருத்தல் வேண்டும். எஞ்சியவை நூற்றுச் சொச்சம் வெண்பாக்களே. அவையும், புறத்திரட்டைத் தொகுத்த பெயரறியாச் சுவைஞர் ஒருவர் தம் உள்ளத்துக்கு இசைந்தவற்றை எழுதி வைத்தமையால் பிழைத்தவை. அந்தத் தொகுப்பாசிரியர் ஒருவகையில் டி. கே. சி.யின் முன்னோர். அவர் தேர்ந்தமையால் நூறு பாடல் பெற்றோம். அவர் தேராதவற்றை என்றென்றைக்கும் இழந்தோம். சுவைஞரின் தேர்வு நூலைக் காக்கும். மூலம் மறைந்தபின் அத்தேர்வே நூலுக்கு எல்லையாகியும் விடும். கம்பர் பாடல்களுக்கு அத்தகைய நிலை நேராமைக்குக் காரணம், ஏடுகளும் முழுப்பதிப்புகளும் புறத்தே இருந்தமையேயன்றி வேறில்லை.

அங்ஙனமாயின் செவிக்குப் பாட ஆராய்ச்சியில் இடமே இல்லையோ எனின், உண்டு என்போம். ஏடுகள் இரண்டு பாடங்களை ஒத்த வலிமையுடன் தருமிடத்து, எதனைக் கொள்வது என்பதில் ஓசையறிந்த செவி பேசலாம்; பேசவும் வேண்டும். எழுத்து மயக்கத்தால் எழுந்த பிழையைக் கண்ணினும் காது முன்னே கண்டுபிடிக்கும். எல்லா ஏடுகளும் ஒருபடித்தாக நிற்குமிடத்துச் செவி தன் ஐயத்தைக் குறிப்பாக எழுதலாம். பாடலை அகற்ற அதற்கு உரிமையில்லை. டி. கே. சி. முதல் எல்லைக்குள் நின்றிருப்பின், பதிப்பாசிரியர் ஒவ்வொருவரும் இன்று அவரை மேற்கோளாகக் காட்டுவர். எல்லை கடந்தமையால், ஓசை பற்றி அவர் கண்ட நுட்பங்களும் தீர்ப்புகளோடு சேர்த்துப் புறக்கணிக்கப்பட்டன. இந்த இழப்பில் அவர்க்கும் பங்குண்டு, நமக்கும் பங்குண்டு.

வட்டத்தொட்டியில் மற்றொரு கூறும் கருதத்தக்கது. ஆங்கே மையத்தில் நின்ற நூலாசிரியன், பல நூற்றாண்டுகட்கு முன் மறைந்த கம்பன். எழுத்தாளர் பலர் அவையில் இருந்தும் அவர்கள் கேட்போராகவே இருந்தனர். கல்கியைப் போன்ற நாடறிந்த நாவலாசிரியர் ஒருவர், பிறர் படிக்கக் கேட்டுத் தலையசைக்கும் நிலையில் அமர்ந்திருந்தார் என்பது எளிய செய்தியன்று. எழுதுவோன் முதலில் கேட்போனாக வேண்டும் என்னும் பழைய பயிற்சி ஆங்கே வாழ்ந்தது. குறையும் ஒன்றுண்டு. பாடலைப் படிப்பவரே தலைவரும் நடுவரும் ஆகியமையால், மறுப்போர் குரல் ஓங்கியதாகத் தெரியவில்லை. அரங்கேற்ற அவையின் உயிராகிய தடை, நட்பின் இனிமையில் கரைந்துவிட்டது போலும்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், தென்காசி வட்டாரத்தில் வாழும் கவிஞர் கலாப்ரியா குற்றாலத்தில் 'பதிவுகள்' என்னும் பெயரால் கவிதை அமர்வுகள் நடத்தினார். பல ஊர்களிலிருந்து வந்த புதுக்கவிஞர் தம் கவிதைகளைத் தாமே படித்தனர்; உடனிருந்தோர் முகத்தெதிரே குறை கூறினர்; வாக்குவாதங்கள் நள்ளிரவுக்கும் நீண்டன என்பர். மரபுக் கவிதையை ஒதுக்கிய இக்கூட்டத்தில்தான், ஆக்கியோன் முன்னிற்கத் தடை எழும் பழைய அவை முறை மீண்டமை காண்க. ஆக்கியோன் வாயால் கேட்கும் கவிதைக்கு ஒரு சிறப்புச் சான்றுமதிப்பு உண்டு. வரி எங்கே முறிகின்றது, அம்முறிவு கருதியதா, அச்சகத்தில் நேர்ந்ததா என்பதை அவன் மூச்சே காட்டும். அவன் தன் கவிதைக்குக் கூறும் விளக்கத்துக்கு அத்துணை மதிப்புக் கொடுத்தல் வேண்டுவதில்லை. அங்கே அவனும் ஓர் உரைகாரனே.

கவிராயர் அவையைப் பற்றி நாம் இழந்ததை வட்டத்தொட்டியைப் பொறுத்தவரை முழுதும் இழந்துவிடவில்லை. டி. கே. சி. நண்பர்க்கு எழுதிய கடிதங்கள் அச்சில் உள்ளன. அவை பேச்சு நடையின. எதிரில் ஒருவர் அமர்ந்திருப்பதுபோல் எழுதப்பட்டவை. அவற்றில் ஆங்காங்கே ஒரு பாடலை எப்படிப் படிக்கவேண்டும் என்னும் குறிப்பு வரும். அக்குறிப்புகளை மட்டும் தொகுத்து, அவர் கொண்ட பாடத்தையும் அண்ணாமலைப் பதிப்பு தரும் பாடவேறுபாடுகளையும் பாடல்தோறும் பக்கத்தில் வைத்து நோக்கினால், எவ்விடங்களில் ஏட்டுத் துணையுடன் அவர் செவி நின்றது, எவ்விடங்களில் துணையின்றித் தனித்து நின்றது என்பது எண்ணிக்கையளவில் தெளிவாகும். பாலகாண்டத்தையும் அயோத்தியா காண்டத்தையும் முதற்கண் எடுத்துக்கொள்ளலாம். 'பதிவுகள்' அமர்வுகளிற் கலந்துகொண்டாருள் பலர் இன்றும் உளர். அவர்களிடம் கேட்டு எழுதும் பணியை 2019-இல் தனி மாவட்டமாகிய தென்காசியின் கல்லூரி மாணாக்கரே தொடங்குதல் எளிது. மேலகரமும் குற்றாலமும் அவர்கட்கு நடந்து செல்லும் தொலைவில் உள்ளன.