இடியாத வீடுகளும் இழந்த பெயரும்

கட்டடம்தான் ஒரு சமூகத்தின் ஞாபகத்தைக் காக்கும் என்று பேச்சு வந்தால், வலீத் காலிதி தொகுத்த 'ஆல் தட் ரிமெய்ன்ஸ்' நூலைக் காட்டுவார்கள். 1948இல் வெறுமையாக்கப்பட்ட 418 பலஸ்தீனக் கிராமங்களின் பதிவு அது, 1992இல் வெளிவந்தது. ஆனால், அதிலுள்ள ஓர் ஊரே அந்தப் பேச்சை யோசிக்க வைக்கிறது.

கார்மல் மலைச்சரிவிலுள்ள ஐன் ஹவ்ழின் கல்வீடுகள் பல இடிபடவில்லை. 1953இல் மார்சல் யான்கோ என்ற ஓவியரின் முயற்சியால் அது யூதக் கலைஞர்களின் குடியிருப்பானது. பள்ளிவாசல் உணவகமாயிற்று. ஊர் 'ஐன் ஹோத்' ஆயிற்று. ஹவ்ழ் என்றால் வுழூ எடுக்கிற தண்ணீர்த் தொட்டி என்று நம்மட பிள்ளைகளுக்கும் தெரியும். ஹீப்ருவில் 'ஹோத்' என்றால் மகிமை. ஓசையில் சின்ன மாற்றம்தான். ஊரின் தொட்டி காணாமல் போய்விட்டது.

வெளியேற்றப்பட்டவர்களில் சிலர் பக்கத்திலேயே அதே பெயரில் புதிய ஊர் அமைத்தார்கள். பல தசாப்தங்களாக அரசு அதை ஊராகவே ஏற்கவில்லை. பழைய வீடுகள் அவர்களிடம் இல்லை. பெயர் மட்டும் இருந்தது. ஞாபகத்தைக் காத்தது அந்தப் பெயர்தான் என்பேன்.

காலிதியின் நூலை நான் மதிப்பது இதற்காகத்தான். எஞ்சிய சுவரையும் கிணற்றையும் சொல்வதோடு அது நிற்கவில்லை. அங்கே யார் இருந்தார்கள், எப்படிப் போனார்கள், இப்போது யார் இருக்கிறார்கள் என்றும் ஊர் ஊராகச் சொல்கிறது.

2023 டிசம்பரில் காஸாவின் உமரி பள்ளிவாசல் தகர்க்கப்பட்டபோது எல்லாரும் கலங்கினோம். இடிக்காமலே பறிக்கப்பட்ட பள்ளிவாசல்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.