சீந்தில்: கொடி மீது குற்றமா, குடித்த விதத்திலா?

2020 செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில் மும்பையில் ஆறு பேர் கல்லீரல் பாதிப்போடு மருத்துவர்களிடம் வந்தார்கள். வழக்கமாகச் சந்தேகிக்கும் ஹெபடைட்டிஸ் வைரஸ்கள் காரணமாகத் தெரியவில்லை. என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று துருவிக் கேட்டபோது ஆறு பேரின் பதிலிலும் ஒரு பெயர் வந்தது: கிலோய். நம் ஊர்ச் சீந்தில் கொடிதான் அது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகக் குடித்து வந்திருக்கிறார்கள். ஆறு பேரில் ஒருவர் பிழைக்கவில்லை. 2021 ஜூலையில் இது ஒரு கல்லீரல் மருத்துவ இதழில் வெளியானதும் சண்டை மூண்டது.

சீந்திலின் தரப்பும் லேசானதல்ல. சித்தமும் ஆயுர்வேதமும் சுரத்துக்கும் நீரிழிவுக்கும், ஏன் காமாலைக்குமே அதைக் கொடுத்து வந்திருக்கின்றன. கல்லீரலைக் காக்கும் என்று பெயர் வாங்கிய மூலிகையின் மீதே கல்லீரலைக் கெடுத்ததாகப் புகார் வந்ததுதான் இதில் விசித்திரம். நவீன முறையிலும் அதைச் சோதித்திருக்கிறார்கள். ஒவ்வாமையால் ஓயாமல் தும்மி அவதிப்பட்ட 75 பேரைக் கொண்டு நடந்து 2005இல் வெளியான இந்திய ஆய்வில், எட்டு வாரம் சீந்தில் சாறு சாப்பிட்டவர்களுக்கு, போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட நல்ல குணம் தெரிந்தது. ஆக, வேலை செய்யாத வெறும் தழை என்று அதைத் தள்ளிவிட முடியாது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. உடலில் வேலை செய்கிற எந்தப் பொருளும் எல்லா உடலிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

ஆறு பேரை வைத்து ஒரு மூலிகையைத் தீர்ப்பிட முடியுமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் 2022இல் நாட்டின் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து இன்னொரு ஆய்வை வெளியிட்டன. இதில் 43 நோயாளிகள்; பாதிக்கு மேல் பெண்கள். சீந்திலைக் குடிக்கத் தொடங்கியதிலிருந்து அறிகுறி தெரியும் வரை ஆன காலத்தின் இடைநிலை அளவு 46 நாள். காரணத்தை எடைபோடும் அளவுகோலின்படி, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சீந்திலே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று முடிவானது. பலருடைய ரத்தத்தில், தன் உடலையே தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய்களில் காணப்படும் எதிர்ப்பொருள்கள் இருந்தன.

விளக்கம் இந்தக் கடைசி விவரத்தில்தான் இருக்கிறது. சீந்தில் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டும். விளம்பரங்கள் பாடுவதும் அதைத்தான். ஆனால் சிலருக்கு அந்த மண்டலம் ஏற்கெனவே முறுக்கேறி, சொந்த உறுப்புகளோடு மோதிக்கொண்டிருக்கும். பெரிய தொல்லை தராமல் உள்ளே பதுங்கிக் கிடக்கும் ஆட்டோஇம்யூன் கல்லீரல் நோயைச் சீந்தில் கிளப்பி வெளியே கொண்டுவரக்கூடும் என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு. 'எதிர்ப்புச் சக்தி கூடினால் நல்லதுதானே' என்று எல்லோருக்கும் ஒரே மருந்தைச் சிபாரிசு செய்யும்போது, அது கூடவே கூடாதவர்கள் சிலர் உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை.

ஆயுஷ் அமைச்சகம் மும்பை ஆய்வை ஏற்கவில்லை. நோயாளிகள் குடித்தது உண்மையான சீந்தில்தானா என்று சோதிக்கவில்லை, அதே குடும்பத்தைச் சேர்ந்த டினோஸ்போரா கிரிஸ்பா என்ற கொடியாகவும் இருக்கலாம் என்றது. பார்வைக்கு நெருங்கிய இந்தக் கொடி கல்லீரலைப் பாதிப்பது முன்பே பதிவானதுதான். அறிவியலாக இது சரியான ஆட்சேபம். ஆனால் மூலிகைக்குச் சாதகமாகச் சொன்ன இந்த வாதம், வாங்கிக் குடிப்பவருக்கு எவ்வளவு பாதகமானது என்று பாருங்கள். வேலியில் படர்ந்திருக்கும்போது இலையையும் தண்டிலுள்ள புடைப்புகளையும் வைத்து, பழகிய கண் இரண்டையும் பிரித்துவிடும். துண்டு துண்டாக வெட்டிக் காயவைத்து நாட்டு மருந்துக் கடைச் சாக்குக்குள் போனபின், பொடியாகிப் பொட்டலத்துக்குள் புகுந்தபின் யார் பிரிப்பது? பிழை செடியில் இல்லை, அடையாளத்தில்தான் என்றால், அடையாளத்தை உறுதிசெய்யாமல் விற்கும் சந்தைதான் அபாயம்.

அடுத்தது அளவு. 2020 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட ஆயுர்வேதக் கொரோனா நெறிமுறையில் சீந்தில் மாத்திரைக்குக் கணக்கு இருந்தது: 500 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, 15 நாள் அல்லது ஒரு மாதம். வைத்தியர் கூட்டலாம், குறைக்கலாம். வீடுகளில் நடந்ததோ வேறு. கையளவு தண்டை ஒடித்துக் கொதிக்கவைத்தார்கள். பாட்டில் சாற்றை டம்ளரில் ஊற்றினார்கள். 'இயற்கைதானே' என்று மாதக்கணக்கில் தொடர்ந்தார்கள். சித்த மருந்துகளில் சீந்தில் சர்க்கரை என்பது தண்டை இடித்து நீரில் கரைத்துப் படியவைத்து எடுக்கும் மாவு. தமிழ்நாட்டில் பரவலாக வழங்கிய கபசுரக் குடிநீரில் சீந்தில் 15 சரக்குகளில் ஒன்று மட்டுமே. இவற்றையும் தினம் குடிக்கும் தனிச் சாற்றையும் ஒரே தராசில் வைப்பது மரபுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

மருத்துவர்கள் பக்கமும் ஒரு வரம்பு உண்டு. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டுமே இத்தகைய ஆய்வுகள் எண்ணுகின்றன. குடித்து எதுவும் ஆகாதவர்கள் கணக்கில் வருவதில்லை. ஆகவே 'சீந்தில் விஷம்' என்ற தலைப்புச் செய்தி, 'சீந்தில் அமுதம்' என்பதைப் போலவே மிகை. அதற்காகப் பழமையே பாதுகாப்புக்குச் சான்று ஆகிவிடாது. மூல நூல்களில் உள்ள பழைய மருந்துகளுக்கு உரிமம் வழங்கும்போது இந்திய விதிகள் புதிதாகப் பாதுகாப்பு ஆய்வு கேட்பதில்லை. அந்த நூல்கள் எழுதப்பட்ட காலத்தில் நோயாளிகள் தைராய்டு மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடவில்லை. சீந்திலுக்கே சர்க்கரையைக் குறைக்கும் தன்மை இருப்பதால் இந்தச் சேர்க்கையையும் கவனித்தாக வேண்டும்.

எனவே கல்லீரல் நோய் உள்ளவர்களும், முடக்குவாதம், லூபஸ் போன்ற ஆட்டோஇம்யூன் நோய் உள்ளவர்களும், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் சீந்திலைத் தாமாகத் தொடக்கூடாது. மற்றவர்களும் தேர்ந்த சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவர் சொன்ன அளவுக்கும் நாளுக்கும் மேல் போக வேண்டாம். குடிக்கும் நாட்களில் கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ, பசி செத்துப்போனாலோ உடனே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருத்துவர் என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும்போது, கஷாயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.