எழுத்தா, பாடமா? பேஜ் வைரசுகளின் பரம்பரையலகுத் தேர்வு: ஒரு நோக்கு

தமிழ் ஏட்டுச் சுவடிகளில் புள்ளி இடப்படுவதில்லை. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. எங்கே ஒரு சொல் தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தீர்மானிப்பவர் பதிப்பாசிரியரே. பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் ஓலைச்சுவடிகளைக் கண்ட மாணவர்க்கு இது புதிதன்று. அந்நூலகத்திற்கு அணித்தே ஓடும் மகாவலியின் நீரிலும் ஹந்தானைச் சரிவின் மண்ணிலும், பற்றீரியாக்களைத் தாக்கிப் பெருகும் பேஜ் வைரசுகள் எண்ணிறந்தன உள. அவற்றின் டீ.என்.ஏ.யும் இடைவெளியற்றதோர் ஏடே. அதில் எப்பகுதியைப் பரம்பரையலகு என ஏற்பது, எதனை விலக்குவது என்னும் வினா பதிப்புக்கலையின் வினாவிற்கு மிக நெருங்கியது.

டீ.என்.ஏ.யின் நால்வகை எழுத்துகளும் மும்மூன்றாகப் படிக்கப்படுவன. எண்ணத் தொடங்கும் இடத்திற்கேற்ப ஓரிழையில் மூன்றும் எதிரிழையில் மூன்றுமாக ஆறு வாசிப்புகள் கிடைக்கும். 64 மும்மைகளுள் 3 முற்றைக் குறிப்பன. எழுத்துகள் தற்செயலாக அமைந்தனவாயின், 100 மும்மைகள் முற்றின்றித் தொடர்வதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆகவே நெடிய வாசிப்பை ஏற்பதில் தயக்கம் இல்லை. 30 மும்மைகளோ ஏறத்தாழ நாலில் ஒரு வாய்ப்பில் தாமாகவே அமைந்துவிடும். பிணக்கெல்லாம் இக்குறுகிய வாசிப்புகளைப் பற்றியதே.

இங்கு ஆய்வாளர் கைக்கொள்ளும் விதிகள் சில. பேஜ் தன் ஏட்டில் வெற்றிடம் விடுவது அரிது. அலகுகள் ஒரே திசையில் அடுத்தடுத்து அமையும். ஒன்றன்மேல் ஒன்று பெரிதும் படியாது. சிறிது படிதல் உண்டு. 'ஏரிஜிஏ' என்னும் நான்கெழுத்தில் முந்திய அலகின் முற்று 'ரிஜிஏ'; பிந்தியதன் தொடக்கம் 'ஏரிஜி'. நம் புணர்ச்சி இலக்கணம் பயின்றார்க்கு இஃது வியப்பளிக்காது. 2019இல் வெளிவந்த ஃபானோடேட் என்னும் கணினி நிரல், வெற்றிடத்தையும் படிதலையும் குற்றங்களாகக் கணக்கிட்டுக் குற்றம் குறைந்த வழியைத் தேர்கிறது. பயனுடைய முறையே. ஆயினும் இவ்விதிகள் பெரும்பான்மை வழக்கிலிருந்து வடித்தெடுக்கப்பட்டவை. சிறுபான்மையை வழுவெனத் தள்ளும் உரிமை அவற்றுக்கு உண்டா?

ஃபை எக்ஸ் 174 என்னும் பேஜ் இவ்வினாவிற்கு விடை தருகிறது. 1977இல் சாங்கர் குழுவினர் இதன் டீ.என்.ஏ.யை வாசித்து வெளியிட்டனர். திருத்திய கணக்கின்படி 5,386 எழுத்துகள். இதில் 'ஈ' என்னும் அலகு, 'டீ' என்னும் அலகின் உள்ளேயே, வேறொரு வாசிப்பில் முழுமையாக அடங்கியுள்ளது. 'ஈ' தரும் புரதம் 91 அமினோ அமிலங்களே கொண்டது. எனினும் பற்றீரியாவை உடைத்துப் புதிய பேஜ்களை வெளிவிடுவது அதுவே. விதியை மட்டும் நம்பியவர் அதனை விலக்கியிருப்பர். விகாரமுற்ற பேஜ்களைக் கொண்டு நடத்திய சோதனைகள் அதன் இருப்பை முன்னரே உணர்த்தியிருந்தமையால் அது தப்பியது. இன்று வாசிக்கப்படும் பேஜ்களுள் மிகப் பலவற்றுக்கு அத்தகைய சோதனைத் துணை இல்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

அலகை ஏற்றபின் அதற்குப் பெயரிடுவது அடுத்த இடர். முன்பே பெயரிடப்பட்ட புரதத்தை ஒத்திருப்பின் அப்பெயரே இதற்கும் சூட்டப்படுகிறது. முதற்பெயர் பிழையாயின் பிழையும் வழிவழி இறங்கும். தமிழில் இதற்கு ஒப்புமை உண்டு. 1885இல் சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரம் முழுமையையும் நச்சினார்க்கினியர் உரையென அச்சேற்றினார். பின்னான்கியல்களுக்கு அங்கு அச்சான உரை பேராசிரியருடையது என்பதைப் பின்னர் ரா. இராகவையங்கார் முதலியோர் எடுத்துக்காட்டினர். பிள்ளையவர்களின் பெருந்தொண்டு இதனாற் குறைவுபடாது. மருத்துவத்தில் நிகழும் பெயர்ப்பிழையோ அத்துணை எளிதிற் பொறுக்கத்தக்கதன்று. மருந்துக்கு மசியாத பற்றீரியாக்களை அழிக்கப் பேஜைத் தேர்வோர், பற்றீரியாவின் டீ.என்.ஏ.யுள் தன்னைப் பதித்து உறங்கும் பேஜையும் நச்சுப்புரதம் தரும் பேஜையும் தவிர்த்தாகல் வேண்டும். அவ்வலகுகளை இனங்காணத் தவறின் நோயாளியே அதன் பயனை நுகர்வார். தொழில் தெரியாத அலகைத் 'தொழில் அறியப்படாத புரதம்' என எழுதிவிடுவது அறியாமைபோலத் தோன்றினும் நேர்மையான குறிப்பாகும்.

2008 முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இளநிலை மாணவரே மண்ணிலிருந்து பேஜ்களைப் பிரித்தெடுத்து இத்தேர்வைச் செய்து வருகின்றனர். ஒவ்வோர் அலகையும் ஏற்றதற்கான காரணத்தை அவர்கள் குறித்து வைப்பர். ஜென்பாங்க் என்னும் பொதுக் களஞ்சியத்திற்குச் செல்லும் இறுதிப் பிரதியிலோ அக்குறிப்புகள் இடம்பெறுவதில்லை. உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் பாடபேதங்களை அடிக்குறிப்பாகத் தந்தார். தாம் ஏற்காத பாடத்தையும் பின்வருவோர் எடைபோட அஃது இடமளித்தது. பேஜ் பதிப்பில் விலக்கப்பட்ட வாசிப்பைத் தேடுவோர், முழு ஏட்டையும் மீண்டும் முதலிலிருந்தே வாசிக்க வேண்டியுள்ளது.