தாயிலிருந்து சிசுவுக்கு: சைட்டோமெகலோ ஆய்வில் எந்த விலங்கை நம்பலாம்?

கருவில் இருக்கும் சிசுவைத் தொற்றும் வைரஸ்களில் உலகெங்கும் மிகப் பரவலானது சைட்டோமெகலோ வைரஸ். வசதியான நாடுகளில்கூட ஏறத்தாழ 200 குழந்தைகளில் ஒன்று இத்தொற்றோடு பிறக்கிறது. அவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குச் செவித்திறன் இழப்போ வளர்ச்சிக் குறைபாடோ நிலைத்துவிடுகிறது. கர்ப்பிணிகளிடம் எதையும் எளிதில் சோதித்துப் பார்க்க முடியாது, அது சரியும்கூட. அதனால்தான் விலங்குகளை நாடுகிறார்கள். ஆனால் மனிதரைத் தொற்றும் இந்த வைரஸ் ஆய்வக விலங்குகளில் பெருகாது. ஒவ்வொரு விலங்கிலும் அதற்கே உரிய இன வைரஸைத்தான் ஆராய முடிகிறது. எந்த முடிவைப் படித்தாலும் இந்த இடைவெளியை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

சுண்டெலி மலிவு, மூன்றே வாரத்தில் குட்டி போடும், மரபணுவை வேண்டியபடி மாற்றலாம். ஆனால் எலியின் சைட்டோமெகலோ வைரஸ் பொதுவாக நஞ்சுக்கொடியைக் கடந்து குட்டியை அடைவதில்லை. அதனால் பிறந்த குட்டிக்கே வைரஸை ஊசியில் செலுத்துகிறார்கள். அப்போது அதன் மூளை, கர்ப்பத்தின் நடுப்பகுதியில் உள்ள மனிதச் சிசுவின் மூளையை ஒத்த வளர்ச்சியில் இருக்கும். உள்காது எப்படிக் கெடுகிறது என்பதை அறிய இது உதவும். வைரஸ் தாயிடமிருந்து எப்படி வந்தது என்று கேட்டால் எலியிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்கு உரிய விலங்கு கினிப்பன்றி. தாயின் ரத்தத்துக்கும் கருவின் ரத்தத்துக்கும் நடுவே எலிக்கு மூன்று அடுக்குத் தடுப்புச் செல்கள் உண்டு. கினிப்பன்றிக்கும் மனிதருக்கும் ஒரே அடுக்குதான். கர்ப்பகாலமும் இரண்டு மாதத்துக்கு மேல் நீள்கிறது. அதன் வைரஸ் உண்மையாகவே கருவை அடைகிறது. இந்த அடிப்படையில்தான் எதிர்ப்புரதம் நிறைந்த ஊநீரை முன்கூட்டிச் செலுத்திப் பார்த்தார்கள். பிழைத்த குட்டிகளின் எண்ணிக்கை கூடியது. நம்பிக்கை பிறந்தது.

மனிதரிடம் அது நிற்கவில்லை. 2014-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், எதிர்ப்புரத ஊசி பெற்றவர்களில் 30 சதவீதத்தினரின் சிசுவுக்குத் தொற்று ஏற்பட்டது; போலி மருந்து பெற்றவர்களில் 44 சதவீதம். பங்கேற்றவர்கள் 124 பேர் என்பதால் இந்த வேறுபாட்டை உறுதியானதாகக் கொள்ள முடியவில்லை. 399 பெண்களோடு அமெரிக்காவில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில் தொற்றையும் மரணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஊசி பெற்றவர்களிடம் 22.7, மற்றவர்களிடம் 19.4 சதவீதம். பயனில்லை என்றே முடிந்தது.

இதை வைத்துக் கினிப்பன்றியையே தள்ளிவிடுவது அவசர முடிவு. ஆய்வகத்தில் தொற்று எப்போது நிகழும் என்பது தெரியும். எதிர்ப்புரதத்தை அதற்கு முன்பே கொடுத்துவிடலாம். மருத்துவமனைக்கு வரும் பெண்ணுக்குத் தொற்று கண்டறியப்படும்போது பெரும்பாலும் வாரங்கள் கடந்திருக்கும். கினிப்பன்றியிடம் அளந்தது குட்டியின் சாவு. மனிதரிடம் தடுக்க வேண்டியது தொற்றையும் காதுகேளாமையையும். ஆக, விலங்கில் விடை கண்ட கேள்வியும் மனிதரிடம் கேட்ட கேள்வியும் வேறு வேறு. மாற்றிக்கொள்ள வேண்டியது ஆய்வின் வடிவமைப்பை.

செம்முகக் குரங்கு நமக்கு இன்னும் நெருக்கம். கர்ப்பகாலம் ஐந்தரை மாதம். முன்பு தொற்றே இல்லாத தாய்க்குரங்குகளில் நோயெதிர்ப்பை ஒருங்கிணைக்கும் சிடி4 செல்களை நீக்கிவிட்டு வைரஸைக் கொடுத்தபோது பெரும்பாலும் கரு கலைந்தது என்று 2015-இல் காட்டினார்கள். தாயின் நோயெதிர்ப்பில் எந்தப் பகுதி சிசுவைக் காக்கிறது என்பதற்கு இவ்வளவு தெளிவான சான்றை வேறு விலங்கு தரவில்லை. ஆனால் ஓர் ஆய்வில் சில குரங்குகளே இருக்கும். செலவும் அதிகம், இவ்வளவு நெருங்கிய உயிரைப் பயன்படுத்துவதன் அறச்சுமையும் அதிகம்.

எனக்குப் பெருங்குறையாகப் படுவது வேறொன்று. இந்தியாவில் பெரும்பாலான பெண்கள் சிறுவயதிலேயே இந்த வைரஸைப் பெற்றுவிடுகிறார்கள். இங்கே சிசுவுக்குத் தொற்று வருவது பெரும்பாலும் பழைய வைரஸ் மீண்டும் தலைதூக்குவதாலோ புதிய திரிபு நுழைவதாலோதான். விலங்கு ஆய்வுகளில் மிகப் பலவும் முதல் தொற்றையே பார்க்கின்றன. வளர்ப்புக் கூட்டங்களில் குரங்குகள் ஏறத்தாழ எல்லாமே ஒரு வயதுக்குள் தொற்றைப் பெற்றுவிடுகின்றன. அந்த வகையில் அவை நம் பெண்களின் நிலையை ஒத்தவை. ஆய்வாளர்களோ பெரும்பாலும் அவற்றை விலக்கி, தொற்றில்லாதவற்றைத் தனியே வளர்த்து எடுக்கிறார்கள்.

நஞ்சுக்கொடியைக் கடப்பதை அறியக் கினிப்பன்றி, காதுக்கும் மூளைக்கும் எலி, தாயின் எதிர்ப்பாற்றலுக்குக் குரங்கு என்று பிரித்துக்கொண்டால் மூன்றும் தகுதியானவையே. எந்த ஒன்றின் வெற்றியையும் மட்டும் நம்பிக் கர்ப்பிணிக்கு மருந்து கொடுக்கக் கூடாது. முன்பே தொற்றுள்ள தாய்க்குரங்குகளை ஆராய்வதற்கு முதலிடம் தரும்வரை, இந்தியக் கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை இந்தச் சான்று முழுமையற்றது என்பதே என் முடிவு.