வாடகைக்கு ஓர் ஊர்

தமிழ் சினிமாவில் காதலர்களுக்குக் கிடைத்த மரியாதையில் நூற்றில் ஒரு பங்குகூட வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்குக் கிடைத்ததில்லை. வீட்டுப் பிரச்னையை மட்டுமே கதையாக எடுத்துக்கொண்டு, பாதியில் டூயட்டுக்கு ஓடிப்போகாத படம் எது என்று யோசித்தால் சட்டென்று இரண்டுதான் ஞாபகம் வருகின்றன. பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). செழியனின் ‘டூலெட்’ (2019). இரண்டுமே சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியவை. இரண்டுமே எனக்குப் பிடித்தவை. இரண்டிலும் எனக்கு ஒரே குறை. வேலை மாறி ஊர் மாறுகிறவர்கள் மூட்டை கட்டும் சீஸன் இது என்பதால், அந்தக் குறையை இந்த வாரம் பேசிவிடலாம்.

‘டூலெட்’ நடப்பது 2007-ல். ஐ.டி. சம்பளம் சென்னை வாடகையைத் தூக்கிக்கொண்டு மேலே போன நேரம். சினிமாவை நம்பியிருக்கும் இளங்கோ, மனைவி அமுதா, சுவரில் படம் வரையும் சின்னப் பையன். வீட்டுக்கார அம்மா கெடு வைத்துவிடுகிறார். இனி அலைச்சல்தான். படத்தில் பின்னணி இசை கிடையாது. தேவையும் படவில்லை. வீட்டு ஓனர் கேள்வி கேட்கும்போது நமக்கு அடிவயிற்றில் ஏற்படும் சத்தமே போதும். என்ன வேலை? சினிமாவா? சைவமா, அசைவமா? சாப்பாட்டைக் கேட்பவர் சாப்பாட்டை மட்டும் கேட்கவில்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அந்தக் கூச்சத்தைச் செழியன் அளவுக்கு வேறு யாரும் தமிழில் காட்டியதில்லை.

என் குறை இதுதான். கேமரா பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்துவிடுகிறது. அறை தெரிகிறது, வாடகை தெரிகிறது, ஓனர் தெரிகிறார். ஏரியா தெரியவில்லை. ஆனால் வேலைக்காக ஒரு பெருநகரத்துக்குப் புதிதாக வருகிறவன் முதலில் தேர்ந்தெடுப்பது வீட்டை அல்ல, இடத்தை. தாம்பரமா, அம்பத்தூரா, வேளச்சேரியா? அதில் தப்பு நடந்தால், மார்பிள் தரையும் அட்டாச்டு பாத்ரூமும் காப்பாற்றாது.

இதில் நம் கிராமத்து ஆட்களுக்கு இருந்த புத்தி நமக்கு இல்லை என்பது என் கட்சி. திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்குப் பக்கத்தில் தொப்பம்பட்டி இருக்கிறது. (கோவையில் துடியலூர் பக்கம் இன்னொரு தொப்பம்பட்டி உண்டு. அது நகரம் நீண்டு வந்து சேர்ந்துகொண்ட புறநகர். ஆக, தொப்பம்பட்டிக்காரர் கோவையில் வேலை கிடைத்துப் போனால், அட்ரஸில் ஊர் பெயரை மாற்றாமலே குடியேறலாம்!) பழனி தொப்பம்பட்டி, மலை மறைவில் மழை குறைந்த பூமி. அங்கே ஒரு பெரியவர் காடு வாங்கப் போனால் விலையைக் கடைசியில்தான் கேட்பார். முதலில் மூன்று கேள்வி: “தண்ணி எப்பிடிங்க? தடம் எந்தப் பக்கமுங்க? பக்கத்துக் காட்டுக்காரர் யாருங்க?”

தண்ணீர், தடம், பக்கத்துக் காட்டுக்காரர். இந்த மூன்றையும் கேட்காமல் அரை ஏக்கர் வாங்காத மனிதரின் பேரன், ஆஃபர் லெட்டர் கையில் வந்ததும் சென்னைக்குப் போய், மூன்றில் ஒன்றையும் கேட்காமல் பத்து மாத அட்வான்ஸை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறான்.

முதலில் தண்ணீர். கிராமத்தில் தண்ணீர் வருமா என்று கேட்டால் போதும். சென்னைப் புறநகரில், வந்தால் போகுமா என்றும் கேட்க வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் அடையாறு வீட்டுக்குள் வந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் ஜனங்கள் படகில் வெளியே வந்தார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உலகமே மதிக்கும் நீர்நிலை. சந்தோஷம்தான். ஆனால் அது முன்பு பரவிக் கிடந்த இடத்தில் பெரும்பகுதி இன்று தெருவாகவும் கட்டடமாகவும் இருக்கிறது. தண்ணீருக்குப் பட்டா மாறியது தெரியாது. பழைய அட்ரஸுக்கே வருகிறது.

இதில் ஒரு மொழிப் பிரச்னையும் உண்டு. பழனிப் பக்கம் குளம் என்பார்கள், மதுரைப் பக்கம் கண்மாய். சென்னைப் பக்கம் ஏரி, சின்னதாக இருந்தால் தாங்கல். பழவந்தாங்கல் என்ற பெயரைக் கேட்டால் வடக்கத்தி மாவட்டத்துப் பெரியவருக்கு உள்ளே ஒரு மணி அடிக்கும். நம் ஊர்ப் பையனுக்கு அது வெறும் ரயில்வே ஸ்டேஷன். ‘கண்மாய்க்குள் நகர்’ என்று லே-அவுட்டுக்குப் பெயர் வைத்திருந்தால் ஓடியே போயிருப்பான். சென்னையிலும் எச்சரிக்கை போர்டு இருக்கத்தான் செய்கிறது. வேறு வட்டாரத் தமிழில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது தடம். ரியல் எஸ்டேட் விளம்பரங்களில் கிலோ மீட்டரே கிடையாது, எல்லாம் நிமிஷம். ‘ஏர்போர்ட்டிலிருந்து பதினைந்து நிமிடம்.’ அந்தப் பதினைந்து நிமிஷம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று எவரும் சொன்னதில்லை. பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் ஐந்தொகைதான். ஆபீஸுக்குத் தள்ளியிருப்பதால் வாடகையில் மாதம் 4,000 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். அதற்காகத் தினமும் கூடுதலாக இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போகிறது. மாதம் 25 நாள், 50 மணி நேரம். அதாவது உங்கள் வாழ்க்கையை மணிக்கு 80 ரூபாய்க்கு விற்கிறீர்கள். கட்டுப்படியாகிறதா என்பது உங்கள் இஷ்டம். ஆனால் கணக்கில் எழுதாமல் விற்காதீர்கள்.

தடம் மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2002-ல் கோயம்பேடு பஸ் நிலையம் வந்தபோது, ஊருக்குப் போகச் சௌகரியம் என்று அதைச் சுற்றி வீடு பார்த்தவர்கள் அநேகம். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் திறந்தது. தெற்கே போகும் பஸ்கள் அங்கே போய்விட்டன. ரயிலைப் பாருங்கள். திண்டுக்கல் வழியாகப் போகும் வைகையும் பாண்டியனும் தாம்பரத்தில் நிற்கும். பழனி எக்ஸ்பிரஸோ சென்ட்ரலில் கிளம்பி அந்தப் பக்கமே வராது. வயசான அப்பா அம்மா ஊரில் இருந்தால், ராத்திரி போன் வந்தால் எதில் ஏறுவோம் என்பதும் ஏரியா தேர்வில் ஒரு கேள்விதான்.

சொந்த ஊர் தடம் மட்டுமல்ல, வேலையும் மாறும். மறைமலை நகரை 1980-களில் துணை நகரமாக வளர்த்தார்கள். ஃபோர்டு கார் தொழிற்சாலை அங்கே வந்தது. 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. கம்பெனி வாசலிலேயே குடியிருப்பது சுகம், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு வாசலைத் தவிர வேறு வாசலுக்குப் போக வழி இல்லாத இடம் என்றால், லீஸ் போட்டு உட்காரும் முன் யோசிக்கலாம்.

மூன்றாவது, பக்கத்துக் காட்டுக்காரர். அதாவது ஓனர். ‘டூலெட்’ வெளியானது 2019 பிப்ரவரி 21. மறுநாள், 22-ம் தேதி, தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் அமலுக்கு வந்தது. வேண்டுமென்று செய்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால், இருவரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர, என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த ஜன்னல் வழியாகப் பத்து மாதம் தாராளமாக உள்ளே வந்துவிடும். வீடு தேடுகிறவன் எந்த ஒப்பந்தத்துக்குத்தான் மாட்டேன் என்பான்?

இப்போது ‘வீடு’ படத்துக்கு வருகிறேன். குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொன்னதும், தாத்தாவின் மனையில் சுதா வீடு கட்ட ஆரம்பிக்கிறாள். கான்ட்ராக்டர் ஏமாற்றுகிறார், பணம் கரைகிறது, தாத்தா போய்ச் சேருகிறார். எல்லாவற்றையும் தாண்டி நிற்கும்போது, அந்த நிலம் ஏற்கெனவே மெட்ரோ வாட்டருக்காகக் கையகப்படுத்தப்பட்டது என்று தெரிகிறது. அர்ச்சனாவின் முகம் மறக்காது. அவருக்கும் தேசிய விருது கிடைத்தது. படம் முழுக்கச் செங்கல், சிமென்ட் என்று பேசிவிட்டு, கடைசியில் இடிப்பது இடம்தான். பாலு மகேந்திராவுக்கு அது தெரிந்திருக்கிறது, ஆனால் க்ளைமாக்ஸுக்கு வைத்துக்கொண்டார். சினிமாவுக்கு அது சரி. குடி போகிறவர்களுக்கு அது முதல் ரீலிலேயே வேண்டும்.

‘தேர்ந்தெடுக்க வசதி உள்ளவனுக்குத்தானே சார் இந்தக் கேள்வியெல்லாம்?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயம். இளங்கோவுக்கு ஏரியா தெரியாததற்கு அதுவே காரணம் என்று செழியன் சார்பில் வாதாடலாம், நானும் பாதி ஒப்புக்கொள்வேன். ஆனால் அவனுக்கும் கீழே ஒரு வரிசை இருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். காரணம், ஆற்றங்கரை ஆபத்து. போய்ச் சேர்ந்த இடம், சதுப்பு நிலத்தின் ஓரம். நகரத்தில் வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போய்வந்தவர்களுக்கு வீடு கிடைத்தது, தடம் அறுந்தது, தண்ணீர் மட்டும் கூடவே வந்தது. அவர்களிடம் யாரும் அந்த மூன்று கேள்வியைக் கேட்கவில்லை. அவர்களையும் கேட்க விடவில்லை. மூன்றாவதாக ஒரு வீட்டுப் படம் எடுக்க யாராவது துணிந்தால், கேமராவை அங்கிருந்து ஆரம்பிக்கட்டும்.

மற்றபடி, கேட்க முடிகிறவர்கள் கேட்டுவிடுங்கள். வீடு பார்க்க நல்ல நாள் பார்க்காதீர்கள், மழை நாளாகப் பாருங்கள். ஒரு தடவை திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அங்கிருந்து ஆபீஸுக்குப் போய்ப் பாருங்கள். தெருமுனை டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, 2015-ல் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். கையை இடுப்புக்கு நேராகக் காட்டினால், டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். புரோக்கருக்குப் போனில் சொல்லிக்கொள்ளலாம்.