கெட்டிமேளம் முடிந்தது, தாலி இன்னும் கட்டவில்லை

"ஏன்டா, கெட்டிமேளம் முடிஞ்சுபோச்சு. மாமா இன்னும் தாலியே கட்டலையே?"

அத்தை மாயவரத்திலிருந்து போனில் இப்படிக் கேட்டபோது எனக்கு ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டது. மாமா போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. அப்புறம்தான் உறைத்தது. அத்தை கேட்டது நான் போன வாரம் கொரியரில் அனுப்பிய டி.வி.டி.யைப் பற்றி.

2005-ல் திருக்கடையூரில் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. வீடியோ எடுத்தோம். எடுத்ததை ஒரு சி.டி.யில் ஃபைலாகப் போட்டு வாங்கி வைத்திருந்தோம். ஏ.வி.ஐ. என்று முடியும் ஃபைல். அளவு கிட்டத்தட்ட 700 எம்.பி., ஓடும் நேரம் 80 நிமிஷம். கம்ப்யூட்டரில் ஓடும். அத்தையிடம் கம்ப்யூட்டர் கிடையாது. அவரிடம் இருப்பது பழைய டி.வி.டி. பிளேயரும், ரிமோட்டில் அவருக்குத் தெரிந்த மூன்று பட்டன்களும்.

பென் டிரைவ்ல போட்டுக் குடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். அந்தப் பிளேயரில் அதைச் செருக ஓட்டை இல்லை. யூடியூபில் ஏற்றலாமே? எழுபதைத் தாண்டியவர் தன் புருஷன் முகத்தைப் பார்க்க பாஸ்வேர்டு போட வேண்டுமா? டி.வி.டி.தான் என்று முடிவு செய்தேன். என் லேப்டாப்பில் டிஸ்க் செருகும் இடமே கிடையாது. தனியாக ஒரு ரைட்டர் வாங்கினேன். வெற்று டிஸ்க் பத்து வாங்கினேன். பத்து எதற்கு என்று அப்போது தெரியாது. இப்போது தெரியும்.

முதல் டிஸ்க்கில் அந்த ஃபைலை அப்படியே காப்பி பண்ணி அனுப்பினேன். பிளேயர், 'டிஸ்க் எரர்' என்றது. தப்பு என்னுடையது. பழைய டி.வி.டி. பிளேயர் கம்ப்யூட்டர் கிடையாது. அது டிஸ்க்கைத் திறந்ததும் 'வீடியோ டி.எஸ்.' என்ற ஃபோல்டரைத் தேடும். அதற்குள் படமும் சத்தமும் 'வாப்' ஃபைல்களாக, ஒவ்வொன்றும் ஒரு ஜி.பி.க்கு மிகாமல் இருக்க வேண்டும். எது எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல 'இஃபோ' என்ற குட்டி ஃபைல்கள் வேண்டும். படம் எம்பெக்-2 முறையில், நம்ம ஊர் பால் கணக்குப்படி 720-க்கு 576 புள்ளிகள், செகண்டுக்கு 25 ஃபிரேம். சத்தம் 48 கிலோஹெர்ட்ஸ். இதில் எது மாறினாலும் பிளேயர் கையெழுத்துப் போடாது. கறாரான ஆடிட்டர்.

ஏ.வி.ஐ. இதற்கு நேர்மாறு. 1992-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த பை அது. உள்ளே எதை வேண்டுமானாலும் போடலாம். டிவெக்ஸ் போடலாம், எக்ஸ்விட் போடலாம், எம்.பி.3 போடலாம். பையின் பெயரைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. 'மீடியாஇன்ஃபோ' என்று ஓர் இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. அது பையைப் பிரித்து லிஸ்ட் போட்டுக் காட்டும். மாற்றும் வேலையில் இறங்குமுன் ஐந்து நிமிஷம் அதற்கு ஒதுக்கியிருந்தால் மூன்று டிஸ்க் மிச்சமாகியிருக்கும்.

நான் ஒதுக்கவில்லை. 'ஒரே க்ளிக்கில் டி.வி.டி.' ரகத்தில் ஒரு சாஃப்ட்வேரை இறக்கினேன். பெயர் வேண்டாம். எல்லாம் ஒரே குட்டையில் ஊறியவை. ஃபைலைக் காட்டினேன், பட்டனை அமுக்கினேன். பச்சைக் கோடு நகர்ந்து நகர்ந்து நூறு சதவீதம் தொட்டது. 'வெற்றி!' என்று ஒரு பெட்டி குதித்தது. முதல் இரண்டு நிமிஷம் பார்த்தேன், கடைசி இரண்டு நிமிஷம் பார்த்தேன். வாயும் வார்த்தையும் ஒட்டித்தான் இருந்தன. அனுப்பிவிட்டேன். அதற்குத்தான் அத்தையின் அந்த போன்.

டிஸ்க்கை என் வீட்டில் போட்டு முகூர்த்தத்துக்கு நகர்த்திப் பார்த்தேன். அத்தை சொன்னது நிஜம். நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போய் அடங்கிவிட்டன. அதற்கு ஆறு செகண்ட் கழித்து மாமா குனிந்து தாலியைக் கட்டுகிறார், ஊமைப்படம் மாதிரி. ஆனால் சாப்பாட்டுப் பந்தி முடியும்போது எல்லாம் தானாகச் சரியாகிவிடுகிறது.

நான் பி.காம். முதல் வருஷம் அக்கவுண்டன்ஸி வகுப்பில் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது என்பதால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஓர் இடத்தில் நூறு ரூபாய் கூட எழுதி, வேறோர் இடத்தில் நூறு ரூபாய் கூட எழுதினால் இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடும். இதற்கு 'ஈடுசெய் பிழை' என்று பெயர். என் டி.வி.டி.யில் நடந்ததும் அதுவே.

எப்படி என்று சொல்கிறேன். அந்த ஃபைலில் இருந்த எம்.பி.3 சத்தம் 'மாறும் விகித' வகை. அமைதியான இடத்தில் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்ளும், ஆரவாரமான இடத்தில் நிறைய எடுத்துக்கொள்ளும். சிக்கனமான ஏற்பாடு. ஆனால் ஏ.வி.ஐ. வடிவம் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதனால் சில சாஃப்ட்வேர்கள் மொத்தத்தைச் சராசரி எடுத்து, நிமிஷத்துக்கு இவ்வளவு என்று சீராக வெட்டிவிடும். எங்கள் வீடியோவில் முதல் பாதி ஐயர் மெதுவாகச் சொல்லும் மந்திரம். எடுத்துக்கொண்ட இடம் சராசரியைவிடக் கம்மி. சராசரிக் கணக்கில் வெட்டினால் சத்தம் படத்தை முந்திக்கொண்டு ஓடும். இரண்டாம் பாதி மேளம், கூட்டம், பந்தி. அங்கே இடம் அதிகம். முந்திய கடன் அங்கே அடைபடுகிறது. ஆரம்பமும் சரி, முடிவும் சரி. நடுவில் தாலி மட்டும் தப்பு.

'விர்ச்சுவல்டப்' என்ற பழைய இலவச சாஃப்ட்வேரில் அதே ஃபைலைத் திறந்தேன். திறந்தவுடனே எச்சரிக்கை காட்டியது. இதில் சத்தம் முறையாகச் சேர்க்கப்படவில்லை, இத்தனை மில்லிசெகண்ட் வரை விலகலாம் என்று எண்ணோடு சொன்னது. பார்க்க அழகில்லாத சாஃப்ட்வேர்தான். ஆனால் உண்மையைச் சொன்னது. என் 'ஒரே க்ளிக்' நண்பர் பளபளவென்று இருந்தார், 'வெற்றி' என்றார்.

எனக்கு இந்த ரகத்தின் மேல் உள்ள கோபம் இதுதான். தப்பு வருவது சகஜம். தப்பு நடந்த இடத்தில் பச்சை விளக்கு எரிவதுதான் மோசம். ஃபைலை முழுசாக எழுதி முடித்துவிட்டேன் என்பதை, சரியாக எழுதினேன் என்பது போலச் சொல்வது. கணக்குப் புத்தகத்தில் பக்கம் தீர்ந்ததும் 'லாபம்' என்று எழுதி வைப்பதற்கு இதற்கும் வித்தியாசமில்லை. ஜனங்களும் பிளேயரைத்தான் திட்டுவார்கள், 'பழசுய்யா, மாத்து' என்று. பாவம், அந்தப் பிளேயர் கொடுத்ததைத்தான் காட்டியது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஃபைல் இருக்கும். அதனால் நோயை அடையாளம் காணும் வழியைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு விலகல் என்றால் ஓப்பனிங் பேலன்ஸில் தப்பு. சத்தத்தை அந்த அளவு முன்னே பின்னே தள்ளினால் போதும். போகப் போக விலகல் வளர்ந்தால் வட்டி விகிதத்தில் தப்பு. செகண்டுக்கு 24 ஃபிரேம் உள்ள சினிமாவை 25-ஆக ஓட்டிவிட்டு, சத்தத்தை மட்டும் பழைய வேகத்திலேயே விட்டிருப்பார்கள். நிமிஷத்துக்கு 2.4 செகண்ட் பிசகும். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிஷத்தில் முடிந்துவிடும், வசனம் மட்டும் பேசிக்கொண்டே இருக்கும். நடுவில் ஓர் இடத்தில் திடீரென்று விலகினால் அங்கே ஃபைல் அடிபட்டிருக்கிறது. நடுவில் விலகிக் கடைசியில் சேர்ந்தால் என் கதை.

என் கதைக்கு மருந்து எளிது. சத்தத்தை மட்டும் தனியாக உருவி, சுருக்காத 'வேவ்' ஃபைலாக விரித்துக்கொள்ள வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் 80 நிமிஷ ஸ்டீரியோ சத்தம் 920 எம்.பி.க்கு மேல் வந்தது. படமும் சத்தமும் சேர்ந்த பழைய ஃபைலே 700-தான்! பிறகு படத்தைத் தனியாக மாற்றி, இரண்டையும் சேர்த்து டிஸ்க் செய்தேன்.

"தாலி கட்டிட்டார். ஆனா ஏன்டா இவ்ளோ குண்டா இருக்கார்?"

இது அடுத்த போன். பழைய கேமரா எடுத்தது 4-க்கு 3 சட்டம். சாஃப்ட்வேர் அதுபாட்டுக்கு 16-க்கு 9 என்று குறித்துவிட்டது. மாமாவை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்த மாதிரி ஆயிற்று. ஓர் அமைப்பை மாற்றி மறுபடி எழுதினேன். இந்த முறை பொறுமையாகக் குறைந்த வேகத்தில் எழுதி, டிஸ்க்கை 'ஃபைனலைஸ்' செய்து, முழு 80 நிமிஷமும் உட்கார்ந்து பார்த்தேன்.

பார்த்தபோதுதான் எந்தச் சாஃப்ட்வேராலும் சரிசெய்ய முடியாத இடம் தெரிந்தது. தாலி கட்டியதும் எல்லோரும் அட்சதை போடுகிறார்கள். அந்த நிமிஷம் படம் உடைகிறது. மாமாவின் முகம் சதுரம் சதுரமாகச் சிதறுகிறது. வீடியோவைச் சுருக்கும் முறை, போன ஃபிரேமுக்கும் இந்த ஃபிரேமுக்கும் என்ன மாறியது என்பதைத்தான் முக்கியமாக எழுதி வைக்கும். அசையாத சுவர் என்றால் செலவே இல்லை. ஆயிரம் அரிசி ஆளுக்கொரு திசையில் பறந்தால் எல்லாமே மாற்றம். ஒதுக்கிய பட்ஜெட் போதாது. முகத்திலிருந்து வெட்டிவிடும்.

டி.வி.டி.யில் நான் கொடுத்த பட்ஜெட் தாராளம். 700 எம்.பி. ஃபைல் 4 ஜி.பி.க்கு மேல் வீங்கியது. ஆனாலும் முகம் திரும்பவில்லை. எப்படித் திரும்பும்? நூறு ரூபாய் நோட்டைச் சில்லறையாக மாற்றினால் பை கனக்கும், மதிப்பு அதேதான். 2005-ல் வெட்டியெறிந்தது வெட்டியெறிந்ததே.

வெட்டச் சொன்னது யார்? இத்தனை நேரம் சாஃப்ட்வேரைத் திட்டினேன். இந்தக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். எடுத்தது மினி டிஜிட்டல் கேசட்டில். அதில் ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட 13 ஜி.பி. வரும். கடைக்காரர், "கேசட்டையும் எடுத்துக்குறீங்களா? தனியா காசு" என்றார். அப்போது எனக்கு இருபத்தைந்து வயசு. குடும்பத்திலேயே கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் நான்தான். "எதுக்குங்க? எல்லாத்தையும் ஒரே சி.டி.யில அடக்கிக் குடுங்க" என்றேன். கேசட்டில் வேறு யாருடைய கல்யாணமோ பதிவாகியிருக்கும். கேசட்டின் விலையைச் செலவு என்று எழுதினேன். அதைச் சொத்துக் கணக்கில் எழுதியிருக்க வேண்டும். பி.காம். படித்தும் தெரியவில்லை.

பழைய காலத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2025 பிப்ரவரியில் சோனி எழுதும் புளூரே டிஸ்க்கையும் மினி டிஜிட்டல் கேசட்டையும் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. டிஸ்க் மெதுவாகப் போய்விடும். நோய் போகாது. உங்கள் செல்போன் இருட்டில் எடுக்கும்போது செகண்டுக்கு எத்தனை ஃபிரேம் என்பதைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். அதே மாறும் விகிதம்தான், இப்போது படத்தில். அதை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது வாய் ஒருபக்கம், வார்த்தை ஒருபக்கம் போகும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது இன்னொரு முறை சுருக்கும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்கள் பேசுகிற, சிரிக்கிற வீடியோ எதுவோ, அதன் ஒரிஜினலை இரண்டு இடத்தில் காப்பி பண்ணி வையுங்கள். மாற்றுவதை அப்புறம் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம்.

ஆறாவது டிஸ்க்கை நானே மாயவரத்துக்கு எடுத்துப்போனேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கெட்டிமேளம் கொட்டும்போது மாமா சரியாகத் தாலி கட்டினார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து அட்சதை.

"இந்த எடத்துல மட்டும் மாமா மூஞ்சி ஏன்டா சரியா தெரியல?"

"அட்சதை மறைச்சிடுச்சு அத்தை" என்றேன்.

"ஆமா. அன்னிக்கு ரொம்பத்தான் போட்டாங்க" என்றார்.