இரண்டு குழந்தைகளின் தாய்

அண்ணாமலை நகர் சமவெளி. இங்கே உயரம் என்றால் தில்லைக் கோபுரங்கள்தாம். மாணவியாக இருந்தபோது மலையேற்ற முகாம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தேன். படிவத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டும். “பொம்பளப் பிள்ளைக்கு மலையில என்ன வேலை?” என்றார். கையெழுத்து விழவில்லை.

அந்த நினைவோடுதான் முத்தமிழ்ச்செல்வி பற்றிய செய்திகளை வாசித்தேன். விருதுநகர் மாவட்டம் ஜோகில்பட்டியில் பிறந்தவர். சென்னையில் ஜப்பானிய மொழி கற்பித்தவர். 2023 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். தமிழ்நாட்டிலிருந்து அங்கு ஏறிய முதல் பெண். செய்திகள் பலவும் அவரை ‘இரண்டு குழந்தைகளின் தாய்’ என்று அறிமுகப்படுத்தின. பாராட்டாகத்தான் எழுதினார்கள். ஆனால் மலையேறும் ஆணை யாரும் ‘இரண்டு குழந்தைகளின் தந்தை’ என்று அறிமுகப்படுத்துவதில்லை. பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டுப் போனாய் என்ற கேள்வி அந்தப் பாராட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. 1975இல் எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் ஜுன்கோ தபேய், பயணத்துக்குப் பணம் திரட்டியபோது கேட்டதும் இதுதான்: வீட்டில் இருந்து பிள்ளை வளருங்கள்.

செய்திகள் வேகமாகக் கடந்துபோன இடம் பணம். 2023இல் வெளிநாட்டவருக்கு நேபாள அரசின் அனுமதிக் கட்டணம் மட்டும் 11,000 டாலர். வழிநடத்தும் நிறுவனம், ஆக்சிஜன், ஷெர்பா கூலி எல்லாம் தனி. முத்தமிழ்ச்செல்விக்கு அரசு உதவியது. தன் பெயரில் நிலமோ சேமிப்போ இல்லாத பெண்ணுக்கு ஏற்றம் அடிவார முகாமில் தொடங்குவதில்லை. வங்கி வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

‘காசு கொடுத்தால் ஷெர்பாக்கள் ஏற்றிவிடுவார்கள்’ என்ற ஏளனத்தையும் நான் ஏற்கவில்லை. அதே கயிற்றைப் பிடித்துத்தான் ஆண்களும் ஏறுகிறார்கள். ஆனால் கயிறு கட்டியவர்களை மறந்துவிட்டு ‘தனிப்பெண் சாதனை’ என்று நாம் எழுதினால் அதுவும் பிழை. தபேய் பனிச்சரிவில் புதைந்தபோது தோண்டி எடுத்தவர்கள் ஷெர்பாக்கள். டென்சிங் உச்சியைத் தொட்டது 1953இல். நேபாளப் பெண் ஒருவர், பசாங் லாமு ஷெர்பா, அங்கே போய்ச் சேர 1993 ஆயிற்று. இறங்கும் வழியில் உயிரிழந்தார். மலை அவர் வீட்டு வாசலில்தான் இருந்தது. ஆனாலும் ஜப்பானியப் பெண் ஒருவர் பதினெட்டு ஆண்டுகள் முன்பே ஏறிவிட்டார்.

‘முதல் பெண்’ என்று படிக்கும்போது மகிழ்வோம். கூடவே கேட்போம்: செலவு யாருடையது, சுமந்தவர் யார், எந்தப் பெண்ணின் படிவத்தில் இன்னும் கையெழுத்து விழவில்லை?